கை உயராத சட்டை

கொலைகாரனுக்குக் கறுப்புத் தோல் மேலங்கி வேண்டும் என்றுதான் இயக்குநர் முதலில் கேட்டார். ஊசி மறுத்துவிட்டான். படத்துக்கு உடை வடிவமைக்கிறவன் அவன். பேச்சும் குத்தலாக இருக்கும் என்பதால் தளத்தில் எல்லோருக்கும் அவன் 'ஊசி'.

"கறுப்பைப் போட்டா, இவன் அடிக்கப்போறான்னு வாசல்லயே தெரிஞ்சிடும் சார். அப்புறம் அடிச்சா யாருக்கு பயம்?"

"பின்ன என்னய்யா போடுறது, பள்ளிக்கூடச் சீருடையா?"

"கிட்டத்தட்ட."

வெளிர் மஞ்சள் சட்டை. மொடமொடவென்று கஞ்சி போட்டது. கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, இடுப்பில் இறுக்கிச் செருகியது. இவன் வளர்ந்ததை வீட்டில் யாருமே கவனிக்கவில்லை, சின்ன வயது அளவிலேயே இன்னும் சட்டை போடுகிறான் என்று ஊசி மனதில் ஒரு கதை வைத்திருந்தான். அதற்காக முதுகில் ஓர் அங்குலம் எடுத்தான். அக்குளைக் கீழே இறக்கி, கையை ஒடுக்கினான்.

நடிகர் நல்ல மனிதர். எதிரே வருகிறவர்களை எல்லாம் கட்டிப்பிடிப்பார். அன்றும் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். கடைசிப் பொத்தானில் சிரிப்பு நின்றுபோனது. கையைத் தூக்கிப் பார்த்தார். தோளுக்கு மேல் போகவில்லை. முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு நாலு அடி நடந்தார். ஒப்பனை போடுகிற பெண் தன்னையறியாமல் பின்னால் நகர்ந்து நாற்காலியில் இடித்துக்கொண்டாள்.

"என்ன பண்ணீங்க என்னை?"

"உங்களை ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் துணியத்தான் எடுத்தேன்."

இயக்குநர் ஊசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தொழிலுக்கு வந்து அவன் செய்ததிலேயே நல்ல சட்டை அதுதான்.

அப்படி ஆறு சட்டைகள் தைத்தான். முதலாவது சுத்தமானது. கொலை நடக்க நடக்க, அடுத்தடுத்த சட்டையில் ரத்தம் கூடிக்கொண்டே போகும். ஆறாவதில் துணி நிறமே தெரியாது. சர்க்கரைப் பாகில் நிறம் கலந்து அவனே ரத்தம் காய்ச்சினான்.

சண்டைக்கு மூன்று நாள் ஒத்திகை. அடி வாங்குகிறவனுக்கு டூப்பாக வந்தவன் ஊசியின் தங்கை புருஷன். பதினோரு வருடமாக அடுத்தவர்களுக்காக விழுகிறவன். கொலைகாரன் அடிப்பது ரப்பர் குழாயால்தான், ஆனால் வளையாமல் நிற்க உள்ளே ஒரு கம்பி உண்டு. அடி தலைக்கு மேலிருந்து இறங்கும், டூப் இடப்பக்கம் சரிவான், குழாய் அவன் தோளில் கட்டிய பஞ்சின்மேல் விழும். இதுதான் கணக்கு.

முதல் நாளே சண்டை மாஸ்டர் வந்து கேட்டார். "சட்டையக் குடு ஊசி. போட்டுப் பழகட்டும்."

"ஆறே ஆறுதான் மாஸ்டர் இருக்கு. வேர்வை பட்டா கஞ்சி போயிடும். பனியன்ல பழகச் சொல்லுங்க."

"மச்சானுக்கு சட்டைமேல இருக்கிற பாசம் என்மேல இல்ல மாஸ்டர்," என்றான் தங்கை புருஷன். எல்லோரும் சிரித்தார்கள். ஊசியும்தான்.

பனியனில் நடிகரின் கை நன்றாகவே உயர்ந்தது. மூன்று நாளும் அடி சொன்ன இடத்தில் சரியாக விழுந்தது.

படம்பிடித்த அன்று காலை பத்து மணிக்கு, முதல் அடிக்கு நடிகர் கையை ஓங்கினார். சட்டை அக்குளில் பிடித்தது. பாதியில் நின்ற கை, போக வேறு வழியில்லாமல் இடுப்பிலிருந்து பக்கவாட்டில் சுழன்றது. தங்கை புருஷன் பழகியபடி இடப்பக்கம் சரிந்தான். குழாய் அங்கேதான் வந்தது. பச்சைக் கிளையை முறித்தது போல ஒரு சத்தம்.

அவன் கட்டை போல விழுந்தான். வலித்தால் தரையைத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நினைவில்லாதவன் எப்படித் தட்டுவான்?

பார்த்தவர்களுக்கு அது அபாரமான நடிப்பு. இயக்குநர் திரைக்கு முன்னால் எழுந்தே நின்றுவிட்டார். ஊசி மட்டும் சட்டையைப் பார்த்தான். அவன் காய்ச்சிய ரத்தம் கஞ்சித் துணியில் முத்து முத்தாக நிற்கும், பிறகு மெதுவாக வழியும். நெஞ்சில் தெறித்திருந்த இது நிற்கவில்லை. பட்டவுடன் நூலுக்குள் இறங்கிப் பரவியது.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியிருக்க வேண்டும். ஆனால் தளத்தில் 'கட்' சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. இருபது வருடப் பழக்கத்தில் இயக்குநரின் வாயையே பார்த்து நின்றான். இரண்டாவது அடி விழுந்தது, காதின்மேல். மூன்றாவது விழும்போதுதான் ஓடினான். கேமராவுக்குக் குறுக்கே பாய்ந்து நடிகரைத் தள்ளினான்.

"யோவ்! யாருய்யா அது, ஷாட்டக் கெடுத்துட்டான்!"

மருத்துவமனையில் தங்கை சுவரோரம் நின்றிருந்தாள். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இடது காது இனிமேல் கேட்காது.

"நடிகர் ஓன்னு அழுதுட்டுப் போனாரு. கை தானா சுத்திடுச்சுன்னு சொன்னாரு. எப்படிண்ணா தானா சுத்தும்?"

ஊசி சொன்னான். அக்குள், முதுகு, ஒத்திகைக்குத் தராத சட்டை, தான் சொல்லாத 'கட்'. ஒன்றையும் விடவில்லை.

அவள் அறைந்தாள். இன்னொன்றும் அறைந்தாள். செவிலி வந்து பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு வாய் இருந்தா, ஷாட் நல்லா வந்துச்சா மச்சான்னுதான் கேட்டிருப்பாரு. நான் கேக்க மாட்டேன். இனிமே அங்க வந்து நிக்கப்போறவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா. போ."

அடிபட்டதிலிருந்து நாலாம் நாள் மிச்சக் காட்சி. இன்னும் நான்கு அடி பாக்கி. வேறொரு டூப் வந்து தோளில் பஞ்சு கட்டிக்கொண்டிருந்தான். ஊசி சட்டைகளோடு நேராக இயக்குநரிடம் போனான்.

"அக்குளைப் பிரிச்சு ஒரு துண்டு வைக்கணும் சார். கை மேல போகணும்."

"மேல போனா அவன் சாதாரண ரவுடி. எடுத்ததைப் பாத்தியா நீ? பாத்தவன் எவனுக்கும் சோறு இறங்கல. அந்தக் கை அப்படித்தான் வரணும்."

"வந்ததுல ஒருத்தன் காது போச்சு."

"விபத்துய்யா அது. இப்ப பக்கவாட்டுல வரும்னு தெரியும்ல? நாலு தடவ பழகிட்டா, ஒரு சாண் தள்ளி நிறுத்திடலாம்."

"நிறுத்த முடியும்கிறீங்க."

"ஏன் முடியாது?"

ஊசி தன் சட்டையைக் கழற்றினான். நான்காம் எண் சட்டையைப் போட்டு, கழுத்து வரை பூட்டி, இடுப்பில் செருகினான். நடிகரைவிடப் பருமன் என்பதால் அவனை அது இன்னும் நெருக்கியது. குழாயை எடுத்தான்.

"வந்து நில்லுங்க சார்."

இயக்குநர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஊசிக்கு நடிக்க ஆசை வந்துடுச்சு," என்றபடி, தரையில் டூப்புக்காக ஒட்டிய குறியில் போய் நின்றார்.

ஒரு சாண் தள்ளி நிறுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் ஊசி ஓங்கினான். அக்குள் பிடித்தது. தோள் இறுகியது. கை அவனை இழுத்துக்கொண்டு சுழன்றது. நிறுத்தினான். நின்றபோது, குழாய் இயக்குநரின் முகத்தைக் கடந்துபோயிருந்தது.

கண்ணாடி எங்கோ போய் விழுந்து உடைந்தது. இயக்குநர் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. மாஸ்டர் பாய்ந்து ஊசியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். குழாய் தரையில் உருண்டது.

"வேணும்னே அடிச்சியா?" என்றார் மாஸ்டர், காதோரம்.

இல்லை என்று சொல்ல ஊசி வாயெடுத்தான். சொல்லத் தெரியவில்லை.

இயக்குநர் நிமிர்ந்தார். அழுகிறவர் போலக் கண்ணில் நீர் வழிந்தது. புது டூப் கட்டிய பஞ்சை அவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார்.

"பிரிச்சுத் தொலை," என்றார், மூக்கால். "ஆறையும். அப்புறம் இந்தப் பக்கம் வராத."

ஊசி தரையிலேயே உட்கார்ந்து சட்டையைக் கழற்றப் பார்த்தான். அது கழலவில்லை. மாஸ்டர்தான் ஒவ்வொரு கையாக உரித்து எடுத்தார்.