அண்ணியின் முன்சக்கரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு கதை எழுதுகிறவள் நான். அண்ணியின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய், நடைபாதை விளிம்பில் மோதி, முன்சக்கர ரிம்மை எட்டு வடிவத்தில் வளைத்துவிட்டேன். "நாய் குறுக்க வந்துடுச்சு அண்ணி" என்றேன். அண்ணி ஒன்பது நாள் சலவைக்கூடத்து வேலைக்கு நடந்தே போனார். என்னோடு பேசவில்லை.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: 'சக்கரம் என்பது காலத்தின்—' வேண்டாம். அண்ணி படித்தால் சிரிப்பார். (சிரித்தாலாவது தேவலை.)

3

ஞாயிற்றுக்கிழமை புது ரிம் வாங்கி வந்தேன். பழைய ரிம்மோடு அதைச் சேர்த்துக் கட்டி, ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமாம். இது இப்போது தெரியும். அன்று முப்பத்தாறு கம்பிகளையும் மொத்தமாகக் கழற்றிக் கூடத்தில் பரப்பிவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி வந்து நின்றார்.

"எது எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?"

"பின்சக்கரத்தைப் பாத்து மாட்டிடலாம்னு..."

"அப்போ சைக்கிளைத் தலைகீழா நிறுத்து, எழுத்தாளரம்மா."

(இந்த இடத்தில் உருக்கமான உரையாடல் ஒன்று இருந்தது. அடித்துவிட்டேன். அடுத்த மூன்று மணி நேரம் நாங்கள் பேசியதெல்லாம் "இது இல்ல, அது" மட்டும்தான்.)

4

சக்கரத்தை மாட்டிச் சுழற்றிவிட்டு, ஓரத்தில் சாக்பீஸை நீட்டினோம். கோடு விழுந்த இடத்தில் ரிம்முக்குக் கோட்டம், அதாவது வளைவு. அங்கே கம்பியைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். நாலாவது கோட்டில் எனக்குத் தாங்கவில்லை.

"நாய் எதுவும் வரல அண்ணி. நான்தான் பராக்குப் பாத்துட்டுப் போனேன்."

"தெரியும். நாயைக் கண்டா நீ சைக்கிளைப் போட்டுட்டு ஓடியிருப்ப. மோதுற அளவுக்கு அங்க நின்னிருக்க மாட்ட." கம்பியை இறுக்கினார். "இதைச் சொல்ல ஒன்பது நாளா?"

அப்புறம் சிரித்தார். நானும்.

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் சக்கரம் கழன்று தனியாக ஓடுகிறது. வாசகர்களுக்குப் பிடிக்கும், அண்ணிக்குப் பிடிக்காது. இன்னொன்றில் இருவரும் கட்டிக்கொண்டு அழு— சீ, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது.

நடந்தது இது. ட்யூப், டயர் போட்டுக் காற்றடித்து வாசலில் இறக்கினோம். "ஓட்டு" என்றார். ஏறினேன். பின்னால் கேரியர் அமுங்கியது. திரும்பிப் பார்த்தால் அண்ணி!

"அண்ணி, முதல்ல நான் தனியா ஒரு சுத்து..."

"மிதி."

மிதித்தேன். கம்பிகள் மொத்தமாக முனகின. தெருமுனையில் இறக்கம் வருகிறது. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாடுகிறார். இதற்குமேல் என்னால் எழுத முடியாது, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கின்றன. என்ன ஆகிறது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தயவுசெய்து கொஞ்சம் ஒதுங்கி நின்று பாருங்கள்.