நீலக் கண்ணாடித் துண்டு

அக்காவின் பழைய கேமராவைத் தம்பி பிரித்தது அக்காவுக்குத் தெரியாது. பிரித்து மூடிப் பத்து நாள் ஆகியிருந்தது.

மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு ஸ்க்ரூ என்றால் பயம் கிடையாது. அதுதான் வினை. மணல் மாதிரி இருக்கும் சாமான்களைச் சூடு காட்டிப் பெயர்த்து மறுபடி ஒட்டுகிற கை. ஆறு மாதமாக அந்தக் கைக்கு வானத்துப் பைத்தியம் பிடித்திருந்தது. கடைக்காரர் அவனை 'விண்வெளி' என்றுதான் கூப்பிடுவார்.

"யோவ் விண்வெளி, அந்த சார்ஜிங் பின்னை மாத்திட்டு அப்புறமா நிலாவுக்குப் போ."

"நிலா எனக்கு ஆகாதுண்ணே. அது இருந்தா வேற எதுவும் படத்துல விழாது."

"எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா அப்படி," என்பார் அவர்.

அவனுக்கு வேண்டியது நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மாதிரி பரவிக் கிடக்கிற வாயு மேகங்கள். இணையத்தில் வானப் படக்காரர்களின் குழுவில் சேர்ந்த அன்றே, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். தொலைநோக்கியே வேண்டாம், வானம் நகர்கிற வேகத்துக்குக் கேமராவைத் திருப்பிக் கொடுக்கிற டிராக்கரை முதலில் வாங்கு, கையில் இருக்கிற கேமராவும் லென்ஸும் போதும் என்றார்கள். பொறுமை என்பது அவன் ஜாதகத்திலேயே கிடையாது, இருந்தாலும் கேட்டான். டிராக்கர் வந்தது. கேமராவை அக்கா கொடுத்தாள்.

"பீரோவுல சும்மாதான் தூங்குது, எடுத்துக்கோ. ஆனா என்னோடது மக்கர் பண்ணுச்சுன்னா அடுத்த நிமிஷம் இது என் கையில இருக்கணும்."

அக்காவின் ஸ்டுடியோ வீட்டின் முன்னறைதான். ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு ஸ்டூல். பாஸ்போர்ட் படம், வேலைக்கான படம் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு இந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்தது. நானூற்று இருபது பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம். நன்றாக வந்தால் அதே நிர்வாகத்தின் மற்ற மூன்று பள்ளிகளும் அவளுக்குத்தான் என்று தலைமையாசிரியை வாய்விட்டே சொல்லியிருந்தார்.

தம்பிக்கு முதல் மாதம் முழுக்கச் சொதப்பல். டிராக்கரின் அச்சைத் துருவத்துக்கு நேராக வைக்கத் தெரியாமல் நட்சத்திரமெல்லாம் அரிசி அரிசியாக நீண்டன. அப்புறம் லென்ஸில் பனி கோத்தது. ஒவ்வொன்றாகச் சமாளித்து, ஒரே இடத்தை நூறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், குதிரைத்தலை மேகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கறை. குதிரைக்குப் பின்னால் சிவப்பு எரிய வேண்டும். அந்தச் சிவப்பைக் காணவில்லை.

"சென்சாருக்கு முன்னாடி ஒரு நீலக் கண்ணாடி இருக்கும், அதுதான் சிவப்பைத் தின்னுது. கழட்டிரு," என்று குழுவில் ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே இன்னொருவர் ஏதோ நீளமாக எழுதியிருந்தார். நீளமாக எழுதுகிறவர்களை அவன் படிப்பதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலேயே வேலை முடிந்தது. தபால் தலை அளவில் நீலக் கண்ணாடி ஒன்று வெளியே வந்தது. அதைத் துணியில் சுற்றி மெமரி கார்டு டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அடுத்த தெளிந்த வானத்தில் சிவப்பும் வந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் தீ வைத்தது போல, அதன் முன்னால் கறுப்பாகக் குதிரைத் தலை. சந்தோஷத்தில் இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியதற்கு முந்தின சாயங்காலம் அக்காவின் கேமராவில் ஷட்டர் இறுகிக்கொண்டது.

"டேய், பழசைக் குடு. நல்லவேளை உன்கிட்ட இருக்கு."

சொல்லியிருக்கலாம். வாயெடுத்தான்கூட. அதற்குள் அவள், "நீ மட்டும் இல்லேன்னா நாளைக்கு என் மானம் போயிருக்கும்," என்றாள். எடுத்த வாய் மூடிக்கொண்டது.

"ஒரு நிமிஷம்க்கா, துடைச்சுத் தர்றேன்."

உள்ளே போய்த் தன் முகத்தையே எடுத்துப் பார்த்தான். வேகவைத்த இறால் நிறம். வெள்ளைத் தாளைப் படமெடுத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுத்தான். மறுபடி எடுத்தான். பின்பக்கத்துச் சின்னத் திரையில் முகம் முகம் போல இருந்தது. கலர் சரியாகிவிட்டது, இனி எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று கொண்டுபோய்க் கொடுத்தான்.

"கலர் செட்டிங் மட்டும் கை வச்சிடாதக்கா. நான் சரி பண்ணியிருக்கேன்."

"சரிங்க சார்," என்றாள்.

மறுநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது முன்னறையில் விளக்குகூடப் போடாமல் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறாள், துடைக்கிறாள், போடுகிறாள்.

"இங்க வா. உனக்கு இது எப்படித் தெரியுதுன்னு சொல்லு."

திரையில் ஒரு சின்னப் பெண். பெயரும் எண்ணும் எழுதிய பலகையை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். பலகையில் சாக்பீஸ் தூள்வரை தெரிந்தது. முகம் மட்டும் பால் ஆடை படிந்த மாதிரி.

"அடுத்தது பாரு. அதுக்கடுத்தது. எல்லாம் இதேதான். பலகை பளிச்சுனு இருக்கு, மூஞ்சி இல்ல." அவள் குரல் உயரவில்லை. "கண்ணுல வைக்க வேண்டிய ஃபோக்கஸ் புள்ளியைப் பலகையில வச்சிருக்கேன்டா. நானூத்தி இருபது தடவை. ஒரு தடவைகூட எனக்குத் தெரியல."

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா."

"மூணு மாசத்துல ரெண்டு வாட்டி பவர் மாறியிருக்கு. டாக்டர் எதையோ மென்னு முழுங்குனாரு. நான்தான் கேக்கல."

அவன் கைகழுவப் போகிறவன்போல உள்ளே போய், அந்த நீளமான பதிவைத் தேடி எடுத்தான். கண்ணாடியைக் கழற்றினால் அதே கனத்தில் வெறும் கண்ணாடி ஒன்றை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா தானாக ஃபோக்கஸ் பிடிக்கும்போது நாம் வைத்த புள்ளிக்கு ஒரு சாண் முன்னால் தள்ளிப் பிடிக்கும், வானத்துக்கு நாம் நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் திருகுவதால் இது தெரியவே தெரியாது. எழுதியவர் கடைசியில் ஒரு கும்பிடு வேறு போட்டிருந்தார்.

முன்னறையில் அக்கா போனைக் கையில் எடுத்திருந்தாள்.

"யாருக்கு?"

"ஹெட்மிஸ்ட்ரஸுக்கு. கண்ணு சரியில்ல மேடம், வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிடறேன். இதோட இந்தப் பொழப்புக்கும் ஒரு கும்பிடு."

பேசாமல் இருந்தால் போதும். அவனை யாரும் கேட்கப் போவதில்லை. அவளே பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாயிற்று. அவன் சட்டைப்பையில் கைவிட்டு டப்பாவை எடுத்து, துணியைப் பிரித்து, நீலக் கண்ணாடியைக் கீபோர்டின் மேல் வைத்தான்.

"உன் கண்ணு இல்லக்கா. இது."

அவள் அதை விரல் நுனியில் எடுத்து, எரியாத விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"நேத்து குடுக்கும்போது தெரியுமா?"

"கலர் மாறும்னு தெரியும். ஃபோக்கஸ் போகும்னு சத்தியமா தெரியாது."

"கலர் மாறும்னு தெரியும்," என்றாள் அவளும். எழுந்து விளக்குகளைப் போட்டாள். "ஸ்டூல்ல உக்காரு."

மேசைமேல் கிடந்த மாதிரிப் பலகையை அவன் கையில் திணித்தாள். கேமராவை எடுத்து, புள்ளியை அவன் கண்மேல் வைத்தாள், வாய்விட்டுச் சொல்லியே வைத்தாள். "வலது கண்ணு. கண்ணுலதான் இருக்கு." எடுத்தாள். மறுபடி எடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினாள். பலகை பளிச்சென்று வந்திருந்தது. பின்னால் அவன் முகம் யாரோ ஒருத்தன் முகமாகக் கரைந்து கிடந்தது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் போகவும் துணியவில்லை.

"ஒரு மணி நேரமா குருடி ஆகிட்டேன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தேன்டா," என்றாள் கையை எடுக்காமலே. "ஒரு மணி நேரம்."

அவன் ஸ்டூலிலேயே பலகையைப் பிடித்தபடி இருந்தான்.

அவள் போனை மேசைமேல் அவன் பக்கமாகத் தள்ளினாள். நம்பர் ஏற்கெனவே போட்டிருந்தது, மணி போய்க்கொண்டிருந்தது.

"நீ பேசு. என்ன பண்ணினேன்னு ஒண்ணு விடாம சொல்லு. கலரையும் சேத்து."

"ஹலோ," என்றது அந்தப் பக்கம்.

"மேடம், நான் போட்டோ எடுக்க வந்தாங்கள்ல, அவங்க தம்பி பேசறேன்," என்றான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. திரையில் பலகைக்குப் பின்னால் இருந்த அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.