தானாக நடந்த நெருப்பு

திரியைப் பற்றி ராஜசிங்கிடம் யாரும் வாதாட மாட்டார்கள். ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற அந்தப் பட்டாசு ஆபீஸில் (ஆலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்) திரி ரூமுக்கு அவர்தான் போர்மேன். முப்பது வருடமாக அதே வேலை. ஒரு சாண் திரியை வெட்டிக் கொளுத்தி, ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு நொடி கூடினாலோ குறைந்தாலோ அந்த லாட் மொத்தமும் கழிவுதான். "நெருப்பு நம்ம சொல்ற வேகத்துலதாம்லே நடக்கணும். அது இஷ்டத்துக்கு விட்டா நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்பார். பேச்சு எப்போதும் வெடுக்கென்றுதான் வரும்.

ஆபீஸுக்குள் பீடி, தீப்பெட்டி கொண்டுபோக முடியாது. எல்லாவற்றையும் கேட்டில் வாட்ச்மேன் பெத்தணனிடம் கொடுத்துவிட வேண்டும். கேட்டுக்கு வெளியே ஒரு குட்டைச் சுவர் உண்டு. வேலை மணி அடித்துவிட்டால், பாதி குடித்த பீடியை அந்தச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். இழுக்காத பீடி கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். மத்தியானம் வந்து அவரவர் துண்டை அவரவர் எடுத்துப் பற்றவைத்துக்கொள்வார்கள். வரிசையாக இருபது துண்டு இருந்தாலும் ஒருவன் துண்டை இன்னொருவன் தொட மாட்டான். நெருப்புக்குப் பயந்து சாகிற ஊரில் அந்தச் சுவருக்கு மட்டும் யாரும் பயந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சுவரோரம்தான் தீப்பிடித்தது. சுவரை ஒட்டிப் பெத்தணன் உட்காரும் கீற்றுப் பந்தல் குபீரென்று பற்றிக்கொண்டது. இருபது அடி தள்ளி, தீபாவளி ஆர்டர் லோடு ஏற்றிய வேன் நின்றிருந்தது. பெத்தணன் வாளி மணலைத் தலைக்குமேல் தூக்கித் தூக்கிக் கொட்டினான். டிரைவர் வேனை ரிவர்சில் காட்டுக்குள் இறக்கினான். பந்தலோடு போயிற்று. வேனுக்குத் தாவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் சிலர் உட்கார்ந்து அழுதார்கள்.

மானேஜர் சாம்சுந்தருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. "அண்ணாச்சி, சுவத்துல வச்ச துண்டுல இருந்து பிடிச்சிருக்குமா?"

"வாய்ப்பே இல்ல சார். வச்ச பீடி எங்கயாவது தானா எரியுமா? எவனோ இங்கன உக்காந்து இழுத்துட்டு எறிஞ்சிருக்கான்" என்றார் ராஜசிங்.

அங்கே உட்கார்கிறவன் ஒரே ஒருவன்தான். எல்லோரும் பெத்தணனைப் பார்த்தார்கள். ஏழு வருடத்துக்கு முந்தைய விபத்தில் வலது கையில் மூன்று விரல் போன ஆள் அவன். வேறு எங்கும் வேலை கிடைக்காது என்றுதான் கம்பெனி அவனைக் கேட்டில் போட்டிருந்தது. "சத்தியமா நான் குடிக்கல சார்" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை ராஜசிங்கின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் மானேஜர்.

பாவம்தான், ஆனால் தப்பு தப்புதானே என்று ராஜசிங் வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கொல்லையில் துவைக்கிற கல்லருகே நின்று சிகரெட் பற்றவைத்தார். சிகரெட் அவருக்குப் புதுப் பழக்கம். மகள் பியூலாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பீடி நாற்றம் வேண்டாம் என்று நாலு மாதத்துக்கு முன்னால் மாறியது. இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் கல்யாண மண்டபத்துக்காரர் போன் செய்தார். சிகரெட்டைக் கல்மேல் வைத்துவிட்டு, சமையல்காரர், சேர், ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துத் திரும்பினார்.

கல்மேல் சிகரெட் இல்லை. சிகரெட் நீளத்துக்கு முழுசாக ஒரு சாம்பல் கிடந்தது. ஒடியவில்லை, சிந்தவில்லை. கடைசியில் பஞ்சு மட்டும் மிச்சம்.

"அடேயப்பா!" என்றார் ராஜசிங்.

அவர் குனிந்தார். பிறகு முழங்காலே போட்டுவிட்டார். முப்பது வருடம் நெருப்போடு புழங்கிய கண்ணுக்கு அந்தச் சாம்பல் என்ன என்று தெரியாதா? ஆள் இல்லாமல், காற்று ஊதாமல், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நெருப்பு தானாக நடந்துபோயிருக்கிறது. அவருக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

உள்ளே போய் ஸ்டாப்வாட்சை எடுத்துவந்தார். தெருமுனைக் கடையில் ஒரு பீடி வாங்கினார். பாக்கெட்டிலிருந்து ஆறு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்துக் கல்மேல் வரிசையாக வைத்தார். பக்கத்தில் பீடி. பீடி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை, கறுத்து அணைந்துவிட்டது. ஆறு சிகரெட்டும் அணையவில்லை. ஆறிலும் சிவப்பு வளையம் ஒரே கோட்டில் நகர்ந்தது, சர்ச்சில் பாட்டுக் குழு ஒரே மூச்சில் பாடுகிற மாதிரி. பதினோரு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆறும் முடிந்தன. முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே அரை நிமிட வித்தியாசம்கூட இல்லை.

அவர் வாழ்நாளில் செய்த மிக நல்ல திரிகூட அவ்வளவு ஒற்றுமையாக எரிந்ததில்லை. யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊர் ஆலையில் உட்கார்ந்து இப்படிச் செய்தானோ! கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவருக்கு.

"என்னப்பா, ஊதுபத்தி ஏத்தி வச்சு ஜெபம் பண்றீகளா?" பியூலா வாசற்படியில் நின்று சிரித்தாள். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் அவள்.

"இங்கன வாம்மா. இதுல என்ன போட்டிருக்கான்னு பாரு. வெறும் இலையும் தாளும் இப்படி நடக்காது."

பியூலா போனை எடுத்துக்கொண்டு கல்மேலேயே உட்கார்ந்தாள். படிக்கப் படிக்க அவள் சிரிப்பும் குறைந்தது. "தாள்லதாம்ப்பா விசயமே இருக்கு. சுண்ணாம்புத் தூள் கலக்குறாக. சிட்ரேட்னு ஒரு உப்பையும் சேக்குறாக. அந்த உப்புதான் ஒரே சீரா எரிய வைக்குது."

"உப்பா?" ராஜசிங் மறுபடி குனிந்து சாம்பலைப் பார்த்தார். "திரிக்கு நாங்க வெடியுப்பு போடுறோம். அவனும் உப்புதான் போடுதானா!"

"உள்ள இன்னும் இருக்கு. சர்க்கரை, கோகோ, அதிமதுரம். தொண்டையில உறுத்தாம எறங்குறதுக்கு. காயாம இருக்கக் கிளிசரின். சிலதுல அம்மோனியாச் சரக்கு."

"அம்மோனியாவா? யூரியா மூடையில அடிக்குமே, அந்த வாடையா?"

"ஆமா. நிக்கோடின் சுருக்கா ஏறட்டும்னு போடுறாகன்னு எழுதியிருக்கு. ஆனா எது எம்புட்டுன்னு யாரும் வெளிய சொல்றதில்ல. ரெண்டு ரூவா பிஸ்கட்டுல பேரெல்லாம் போட்டிருக்கான். இந்த அட்டையில ஒண்ணுமில்ல, பாருங்க." பாக்கெட்டில் புற்றுநோய்ப் படம் மட்டும் இருந்தது. பியூலா இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தாள். "இதக் கேளுங்க. சில நாட்டுல, இழுக்காம கீழ வச்சா தானா அணையணும்னு சட்டமாம். வீடு தீப்பிடிக்கக் கூடாதுன்னு. தாள்ல அங்கங்க கெட்டியா வளையம் வச்சே செய்றாகளாம்."

"அப்ப அவனுக்கு அணைய வைக்கவும் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

ராஜசிங் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எம்புட்டு மூளைம்மா இது! முப்பது வருசமா ஊருக்கெல்லாம் திரி செஞ்சுட்டு, நாலு மாசமா ஒரு திரிய நான் வாயில வச்சிருக்கேன். எனக்குத் தெரியல பாரு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. கேட்டுக்கு வெளியே அவர் சிகரெட் பற்றவைத்திருந்தார். லோடு விசயமாக வேன் டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். கையில் இருந்ததைப் பீடித் துண்டுகளோடு துண்டாகச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். சிகரெட்டுக்கு மாறிய பிறகு பாதியில் வைத்துவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. முப்பது வருடமாகக் கை செய்த வேலை. அது பீடி இல்லை என்று கைக்குத் தெரியவில்லை. அந்த ஆபீஸில் சிகரெட் பிடிக்கிற ஆளும் அவர் ஒருவர்தான்.

"என்னப்பா? ஏன் இப்படி இருக்கீக?" என்று பியூலா உலுக்கினாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை வேன்களில் வந்து இறங்கிய ஜனத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம், காட்டோரம் நிற்கிற மைல் கல்லுக்குக் கூட்டிப் போனார் ராஜசிங். மானேஜரையும் கூப்பிட்டார். பெத்தணன் வரத் தயங்கினான். அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். கல்மேல் ஒரு பீடி, ஒரு சிகரெட். இரண்டையும் பற்றவைத்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

பீடி அணைந்தது. சிகரெட் நடந்தது. முதலில் கேலி பேசியவர்களும் கிட்டே வந்து குனிந்தார்கள். மருந்தையும் திரியையும் அன்றாடம் தொடுகிற கூட்டம் அது. எதைப் பார்க்கிறோம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஆத்தாடி, சொல்லி வச்ச மாதிரில்ல போகுது" என்றாள் திரி வெட்டும் அய்யம்மாள். மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை. சாம்பல் பஞ்சைத் தொடும்வரை நின்று பார்த்தார்கள்.

"செவ்வாக்கிழமை சுவத்துல சிகரெட்ட வச்சது நான். பந்தல எரிச்சது பெத்தணன் இல்ல, நாந்தான்" என்றார் ராஜசிங்.

சாம்சுந்தர் அவரைத் தனியே இழுத்தார். "ஏன் அண்ணாச்சி இப்படி? சீசன் நேரம். வாட்ச்மேன் வேற ஆள் கிடைப்பான், உங்கள மாதிரி ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க சார். அவன் கேட்டுல இருக்கணும். இன்னைக்கே, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

மானேஜர் கூட்டத்துக்கு முன்னால் வந்து, பெத்தணனே கேட்டில் இருக்கட்டும் என்று உரக்கச் சொன்னார். கூட்டம் கலைந்தது. பெத்தணன் மட்டும் கல்லருகிலேயே நின்றான். ராஜசிங் அவனிடம் போனார். திட்டுவான், திட்டட்டும் என்றுதான் போனார்.

"அண்ணாச்சி, அப்ப நான் குடிக்கல, இல்லையா?" என்றான் பெத்தணன்.

"என்னடா கேக்குற? நீதான அன்னைக்கே சொன்னே?"

"சொன்னேன். ஆனா நீங்க இல்லேன்னு சொல்லிட்டீகளே. நெருப்புல நீங்க சொன்னா தப்பா இருக்காதேன்னு, குடிச்சுட்டு மறந்துட்டோம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வீட்டுக்காரி கற்பகம் கேட்டா. நாந்தான் குடிச்சு எறிஞ்சேன்னு அவகிட்ட ஒத்துக்கிட்டேன் அண்ணாச்சி. மூணு நாளா அவ என்கூடப் பேசல. நீங்க ஒரு எட்டு வீட்டுக்கு வந்து சொல்றீகளா?"