நாலு படத்தில் ஒன்று

மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் அந்த உதிரிபாகக் கம்பெனியில், ஷிப்ட் முடிந்த பிறகு தொழிலாளர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு நடத்த ஏற்பாடாகியிருந்தது. யாரை எந்த நிலையில் உட்காரவைப்பது என்று பார்த்துச் சொல்ல, பயிற்சி மையத்திலிருந்து பிரியதர்ஷினி வந்திருந்தாள்.

கேன்டீனை ஒட்டிய அறையில் ஒவ்வொருவராக அழைத்தாள். எழுத்துப் பரீட்சை கிடையாது. மேசைமேல் நான்கு படங்களை வைத்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வாள். அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். இப்படிப் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் வேறு நான்கு படங்கள். பிறகு கொஞ்சம் பேச்சு.

பேக்கிங்கில் வேலை செய்யும் நிர்மலா வந்தாள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள். சிலவற்றைச் சரியாகத் தொட்டாள், சிலவற்றில் தடுமாறினாள். பேசச் சொன்னபோது தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். முதல் நிலை என்றதும் தலையாட்டிவிட்டு வெளியே போனாள்.

அடுத்து வந்தவன் அவள் கணவன் அஜித்குமார், மெஷின் ஆபரேட்டர். பையன் பஸ்ஸைக் கழுவுகிறான் என்று பிரியதர்ஷினி ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் மாட்டுச்சந்தைப் படத்தைத் தொட்டான். கடை பூட்டியிருக்கிறது என்றாள். மழைப் படத்தைத் தொட்டான். யோசிக்கவே இல்லை. எல்லாம் தப்பு, கடைசிவரை தப்பு.

அவள் படங்களை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

“ஒண்ணுமே தெரியாதவங்க கண்ண மூடிட்டுத் தொட்டாக்கூட நடுவுல ரெண்டு மூணு சரியா வந்துரும். உங்களுக்கு ஒண்ணுகூட வரல. சரியானது எதுன்னு தெரிஞ்சாத்தான் இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போக முடியும்.”

எங்கே ஆங்கிலம் கற்றீர்கள் என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள். அவனும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான். பெங்களூரில் கால்சென்டர் வண்டி ஓட்டியதையும், பின்சீட்டில் இருப்பவர்கள் வழியெல்லாம் பேசியதைக் கேட்டே பழகியதையும் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னான். பிறகு தமிழுக்கு வந்தான்.

“என் வீட்டுக்காரி தனியா வந்து உக்கார மாட்டா மேடம். நானும் கூட இருப்பேன்னு சொல்லித்தான் பேரு குடுக்க வெச்சேன். என்னையும் மொத வகுப்புலயே போட்டுருங்க.”

“அத அவங்ககிட்டயே கேட்டுரலாமா?”

தயங்கினான். பிறகு சரி என்றான்.

நிர்மலா உள்ளே வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவனையே பார்த்தாள்.

“என்னாத்துக்குங்க இப்படிப் பண்ணீங்க?”

“தனியா உக்கார மாட்டேன்னு சொன்னியே.”

“அது பேரு குடுக்கறப்ப. இப்பத்தான் உள்ள வந்து பாத்துட்டேனே, பயமா இல்ல.” பிரியதர்ஷினியின் பக்கம் திரும்பினாள். “இவரு பக்கத்துல இருந்தா எனக்கு வாயே வராது மேடம். வீட்டுல போன்ல வந்ததப் படிச்சா, நான் முடிக்கறதுக்குள்ள திருத்திருவாரு. நல்லதுக்குத்தான் செய்றாரு. ஆனா தப்பாப் பேசிப் பாக்க எனக்கு ஒரு எடம் வேணுமில்ல?”

அஜித்குமாரின் முகம் சுருங்கியது. “இத்தன நாளா இதச் சொல்லவே இல்லையே.”

“சொன்னா அதையும் திருத்துவீங்கன்னுதான்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. ஆனாலும் எழுந்து, “அப்ப எனக்கு எது சரியோ அதப் போடுங்க மேடம்” என்றான். பிரியதர்ஷினி அவனை மூன்றாம் நிலையில் சேர்த்தாள்.

வகுப்புகள் தொடங்கின. இரண்டு அறைகளுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு மட்டும்தான். முதல் சில நாட்கள் அந்தப் பக்கமிருந்து நிர்மலாவின் குரல் கேட்கவே இல்லை. அஜித்குமாருக்கு அது கவலையாகவே இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் எதுவும் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டினான்.

ஒரு வியாழக்கிழமை அவள் குரல் கேட்டது. நேற்று நடந்த எதையோ, இன்று நடப்பதுபோல, தப்பான ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, அதே வாக்கியத்தை மறுபடி ஆரம்பித்தாள்.

அவனுடைய ஆசிரியர் அவனிடம் ஏதோ கேட்டார். அது அவன் காதில் விழவில்லை.