பத்துக்கு ஐந்து

1

இந்தக் கதை ஒரு கரண்டியிலிருந்து வந்தது. நீளக் கைப்பிடி வைத்த சின்ன வெள்ளிக் கரண்டி. அது ஆடாமல் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அன்று முதல் அதை எழுத உட்காருகிறேன், எழுந்துபோகிறேன்.

முதல் தொடக்கம் இது: "கை நடுக்கம் என்பது உலகெங்கும் எத்தனையோ பேரை..." வேண்டாம். மருந்துக்கடைச் சுவரில் ஒட்டுகிற தாள் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "வோலோஸ் நகருக்கு மேலே, மலைமீது பனி இறங்கிய ஒரு காலையில், பாதிரியார் ப்ரோகோபிஸ் தன் வலது கையைப் பார்த்தபடி..." இதுவும் வேண்டாம். அவர் தன் கையைப் பார்க்கிறவரே இல்லை. பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டவர்.

ஆகவே நேரே சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டு வோலோஸில் நான் வேலை பார்க்கும் சின்ன நரம்பியல் மருத்துவமனைக்குக் கை நடுக்கத்துக்கென்று புதிதாக ஒரு பட்டை வந்தது. கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டுவது. நரம்புக்கு மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும். நடுக்கம் சில மணி நேரம் அடங்கியிருக்கும். வட ஐரோப்பிய நிறுவனம் ஒன்று சோதனைக்குக் கொடுத்திருந்தது. "பட்டை எவ்வளவு உதவியது? பத்துக்கு எவ்வளவு போடுவீர்கள்?" என்று நோயாளிகளிடம் கேட்பது என் வேலை. மதிப்பெண் நன்றாக இருந்தால் பட்டை அவர்களிடமே இருக்கும், செலவைக் காப்பீடு ஏற்கும். குறைந்தால் பட்டைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

2

பாதிரியார் விஷயத்தில் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. கதைக்காகப் பிடித்து வந்த ஆள் போலத் தெரிவாரோ என்று அவரைத் தையல்காரராக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஊசியில் நூல் கோப்பது நல்ல காட்சிதான். ஆனால் தையல்காரர் தவறவிட்டால் மறுபடி கோக்கலாம்.

இங்கே கோயிலில் நற்கருணையைக் கரண்டியில்தான் கொடுப்பார்கள். கிண்ணத்தில் திராட்சை ரசம், அதில் ஊறிய அப்பம். பாதிரியார் ஒவ்வொருவர் வாயிலும் தன் கையால் ஊட்ட வேண்டும். துளி கீழே விழுந்தால் அது துளி அன்று, ஆண்டவரின் இரத்தம். விழுந்ததைப் பாதிரியார் தன் நாவால் எடுக்க வேண்டும்.

போன வருடம் ஈஸ்டர் அன்று ப்ரோகோபிஸ் கையிலிருந்து சிந்தியது. ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, பளிங்குத் தரையில் மண்டியிட்டுக் குனிந்தார். எழுந்திருக்க அவர் மனைவி அந்தூலா கைகொடுத்தாள். அதற்கப்புறம் கீழூர்ப் பாதிரியார் வந்து கரண்டியைப் பிடித்தார். ப்ரோகோபிஸ் மெழுகுவர்த்தி விற்கும் மேசை அருகே நின்றார். முப்பது வருடம் பாதிரியாராக இருந்தவர்.

(இந்தப் பத்தியை எழுதும்போது நான் எதையும் கூட்டவில்லை. கூட்டத் தோன்றவில்லை.)

3

பட்டை கட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கோயிலுக்குப் போனேன். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள்; கோயிலுக்கு அடிக்கடி போகிற ரகம் இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்தாள். துளி சிந்தினால் ஏந்த, குழந்தையின் தாடைக்கடியில் சிவப்புத் துணியைப் பிடித்தார்கள். ப்ரோகோபிஸ் கரண்டியை நீட்டினார். குழந்தை சட்டென்று முகத்தைத் திருப்பி விளக்கை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. தாய் செல்லம் கொஞ்சினாள், கன்னத்தைத் தட்டினாள். குழந்தை மசியவில்லை.

கரண்டி காத்திருந்தது. அந்தரத்தில், அப்படியே. அதில் இருந்த சிவப்பில் மெழுகுவர்த்திச் சுடர் தெரிந்தது. அதுகூட அசையவில்லை. எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. பட்டை எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்குமளவுக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் சிலிர்த்தது. மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து, கம்பியும் மின்கலமும் வைத்துச் செய்த ஒரு பொருள், இன்னொரு மனிதனை அவனுடைய இடத்தில் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்கிறது. அது ஒரு

(இந்த வாக்கியத்தைப் பல விதமாக முடித்துப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.)

குழந்தை வாயைத் திறந்தது.

4

பூசை முடிந்து முற்றத்தில் அந்தூலா காப்பியும், சர்க்கரைப் பாகில் வெந்த சீமை மாதுளையும் கொடுத்தாள். நான் என் கேள்வியை எடுத்தேன்.

"சாமி, பட்டை எவ்வளவு உதவுச்சு? பத்துக்கு எவ்வளவு போடலாம்?"

"அஞ்சு போட்டுக்கம்மா."

"அஞ்சா? இப்பத்தான உள்ள பாத்தேன். கை இம்மி அசையல."

அந்தூலா தட்டைக் கீழே வைத்துவிட்டு மூன்று தரம் துப்பினாள். "தூ, தூ, தூ. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரேன்டி. கோயில் வாசல்ல நின்னுக்கிட்டா இதச் சொல்லுவாங்க?"

"உண்மையத்தானக்கா சொன்னேன்."

"உண்மையில்லன்னு யாரு சொன்னா? இத்தன வருஷமா எங்ககூடக் குப்ப கொட்டுற, இதுகூடத் தெரியலையே ஒனக்கு."

"அஞ்சே அதிகம்," என்றார் பாதிரியார், தன் காப்பியை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துக்கொண்டே. "நாலுன்னு போட்டாலும் எனக்கு வருத்தமில்ல."

(பக்கக் குறிப்பு: மற்ற நோயாளிகளும் இதே கதைதான். மறுபடி மீன்வலை பின்ன உட்கார்ந்த ஸ்த்ராதோஸ் "ஏதோ ஓடுது" என்றார். பேரேடு எழுதும் ஆலிகி "மோசமில்ல" என்றுவிட்டு மேசையின் மரத்தைத் தட்டினாள். நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். இதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டுமா? நீங்கள் கடைசியாக யாரிடம் "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சொன்னீர்கள்?)

5

நிறுவனத்திலிருந்து ஹென்ரிக் வந்தார். முதல் வரைவில் இவரை வில்லனாக்கியிருந்தேன்; மெல்லிய உதடு, வேகமான நடை எல்லாம் கொடுத்தேன். பிறகு அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் காது சிவக்கிற, கூச்ச சுபாவமுள்ள மனிதர்.

எங்கள் மருத்துவர் மிர்த்தோவின் மேசைமேல் நோயாளிகள் பேனாவால் போட்ட சுருள் கோடுகளைப் பரப்பினார். பட்டைக்கு முன்னால் போட்டவை கோழி கிளறிய மாதிரி இருந்தன. பின்னால் போட்டவை ஒரே சீராக ஓடின.

"இந்தக் கோட்ட அளந்த கருவி நடுக்கம் போச்சுங்குது. ஆளுங்க அஞ்சுங்கறாங்க," என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் போட்டிருக்கிறேன். "முன்னெல்லாம் கருவிய மட்டும் நம்பி, நோயாளி சொல்றத யாரும் கேக்கல. அது தப்புன்னுதான் இந்தக் கேள்வியவே வச்சோம். இப்ப அவங்க பேச்சத் தள்ளிட்டுக் கருவிய நம்புன்னா, நான் எப்படி நம்புவேன்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடம்.

"டாக்டர், நீங்க சொல்லுங்க. பட்டை நல்லாருக்கா?"

மிர்த்தோ இருபது வருடம் நடுக்கத்தோடு மல்லுக்கட்டியவர். முதல் சுருளைப் பார்த்த அன்று கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்ததை நான் அறிவேன். இப்போது தோளைக் குலுக்கினார்.

"மோசமில்ல," என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிர்த்தோ என்னை முறைத்தார். பிறகு தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

6

மறுநாள் ப்ரோகோபிஸும் அந்தூலாவும் வந்தார்கள். ஹென்ரிக் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மிர்த்தோ மதிப்பெண் எதுவும் கேட்கவில்லை.

"சாமி, சோதனை முடிஞ்சது. பட்டையக் கழட்டிக் குடுத்துடுங்க."

"எப்பக் குடுக்கணும்?"

"இப்பவே."

பாதிரியார் அசையவில்லை. அந்தூலா எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அஞ்சு மார்க்குப் பொருள்தான சாமி," என்றார் மிர்த்தோ. "போனாப் போவுதுன்னு விடுங்களேன்."

ப்ரோகோபிஸ் இடது கையைத் தூக்கி வலது மணிக்கட்டின்மேல் வைத்து மூடிக்கொண்டார். பட்டை வலது கைக்கு மட்டும்தான் கொடுத்திருந்தோம். இடது கை நடுங்கியது. அங்கியின் ஓரம் சேர்ந்து நடுங்கியது. அதற்கடியில் வலது கை அமைதியாகக் கிடந்தது.

"டாக்டரம்மா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் மறுபடியும் அந்தக் கல்லுல குனியணுமா?"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். ஹென்ரிக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத நான் எந்த எண்ணுன்னு எழுதிட்டுப் போறது?" என்று கடைசியில் கேட்டார்.

"பட்டை கையிலேயே இருக்கட்டும், பதில் வர்ற வரைக்கும்," என்று ஹென்ரிக்கிடம் அனுமதி வாங்கினார் மிர்த்தோ. எல்லா நோயாளிகளிடமும் இதேபோல் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஹென்ரிக் எண்ணில்லாமல், வாக்கியங்களாக எழுதிக்கொண்டு ஊருக்குப் போனார்.

7

முடிவு ஒன்று: நிறுவனம் அந்த வாக்கியங்களை ஏற்றுக்கொள்கிறது. ஞாயிறுதோறும் மலைக் கோயிலில் கரண்டி

முடிவு இரண்டு: வாக்கியங்களைக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது என்று பதில் வருகிறது. மிர்த்தோ மலைக்குக் காரை எடுக்கிறார். அந்தூலா கதவைத் திறக்க

இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். பதில் வந்துவிட்டது. ஆனால் இது அச்சாகும், முகம் தெரியாத எத்தனையோ பேர் படிப்பீர்கள், எத்தனையோ கண்கள். நான் சொல்லிவிட்டேன் என்று அந்தூலா அக்காவுக்குத் தெரிந்தால் என் முகத்திலேயே துப்புவாள்.

இருந்தாலும் நீங்கள் கேட்பீர்கள், அந்தப் பாதிரியார் இப்போது எப்படி இருக்கிறார் என்று.

ஏதோ இருக்கிறார். அஞ்சு போட்டுக்கொள்ளுங்கள்.