சம்பந்தம் பிள்ளைக்கு வேர்த்த முகூர்த்தம்

ஸ்டூடியோ வைத்திருந்த வன்னியராஜ் படித்துறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதால், கல்லிடைக்குறிச்சிக் கல்யாணத்துக்கு வீடியோ கேமராவைத் தூக்கியவள் அவன் பெண்டாட்டி கோமு. கட்டிலில் கிடந்தபடியே அவன் ஷட்டர் பாடம் நடத்தியிருந்தான். அது கண்ணிமை மாதிரி. ஆயிரத்தில் வைத்தால், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சட்டென்று திறந்து மூடும். ஓடுவதும் நின்ற மாதிரி தெரியும், வெளிச்சமும் குறைவாகத்தான் உள்ளே வரும். ஐம்பதில் வைத்தால் சாவகாசமாகத் திறக்கும். அசைவது அசைவதாகவே தெரியும்.

முந்தின நாள் ஆற்றில் ஆயிரம் வைத்துப் பழகினாள். தெறித்த தண்ணீர் முத்து முத்தாக அந்தரத்தில் நின்றது. ஒரு முத்துக்குள்ளிருந்து அயிரை மீன் திரும்பிப் பார்த்ததாகவும் சொல்வார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஷட்டர் எண்ணை மாற்ற மறந்துவிட்டாள்.

மண்டபத்தில் மணவறைக்குப் பக்கத்திலேயே டிவி வைத்து, எடுப்பதை உடனுக்குடன் காட்டினார்கள். கோமு கேமராவை மேலே உயர்த்தியதும், டிவியில் மின்விசிறி அசையாமல் நின்றது. முன்வரிசையிலிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் திருஞானசம்பந்தம் பிள்ளைக்கு அக்கணமே வேர்த்தது. துண்டைப் பிழிந்தார், அந்த ஈரத்தில் தவில்காரர் வழுக்கப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து அவிக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. பெண்ணின் அப்பா ஐயம்பெருமாள் ஓடிவந்து, தலைக்கு மேல் விசிறி ஓடுவதைச் சுட்டிக் காட்டினார். பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அப்படியும் வேர்வை நிற்கவில்லை.

"ஓடுத பேனையே நிப்பாட்டிட்டா. தாலி கட்டுத கையையும் நிப்பாட்டிருவா வே. அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு ஆம்பளையக் கூட்டிட்டு வாரும்."

அந்த ஆள் வந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் தன்னை இன்னொரு கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது கோமுவுக்குத் தெரியும்.

"பொறுங்க அண்ணாச்சி. தாலி கட்டுததுக்குள்ள இந்தப் பேன் ஓடும். ஓடலைன்னா நானே கேமராவ இறக்கி வச்சிட்டுப் போயிருதேன்."

டிவியை உற்றுப் பார்த்தாள். பெண்ணின் முகமும் இருண்டிருந்தது. கேமராவின் இமை சீக்கிரம் மூடுகிறது என்று பிடிபட்டுவிட்டது. ஆயிரத்தை ஐந்நூறாக்கினாள், விசிறி மசியவில்லை. கெட்டிமேளம் தொடங்கப்போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பதுக்கே இறக்கினாள். விசிறியின் இறக்கைகள் கரைந்து சுழன்றன. பெண்ணின் முகம் துலங்கியது. மாப்பிள்ளையின் கை முடிச்சுப் போட்டது டிவியில் ஒழுகினாற்போல ஓடியது.

அம்பாசமுத்திரத்துக்கு யாரும் போகவில்லை. பிள்ளைக்கு வேர்வை காய்ந்தது. பிறகு நடுக்கம் எடுத்தது. துண்டைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு கோமுவிடம் வந்தார்.

"ஏ தாயி, பேனப் பைய ஓடவிடு. குளிருது."

கோமு சிரிக்கவில்லை. ஷட்டர் எண்ணை நூற்றுக்கு ஏற்றினாள், டிவியில் விசிறி கொஞ்சம் நிதானித்தது. பிள்ளை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்குப் போனார்.