பூ சுருங்கும்வரை

சுவாவெலு எலுமிச்சை முள்ளால் வனிலாப் பூவின் உள்மடலைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அடுத்த பூ. அவசரத்தில் அது கிழிந்தது. விடியும்போதே அப்பா இறந்துவிட்டார். போர்வையை அவர் முகம்வரை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொடிக்கு வந்திருந்தாள்.

சாவைச் சங்கூதிச் சொல்லிவிட்டால் அடக்கம் முடியும்வரை ஊரில் ஒருவரும் கொடியைத் தொடக்கூடாது. பூவுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. காலையில் விரிந்தது உச்சிவெயில் சாய்ந்தால் சுருங்கிவிடும். கைபடாத பூ காய்க்காது. இந்த ஆண்டு எல்லார் கொடிகளும் இன்றைக்குத்தான் இப்படிப் பூத்துக் குலுங்கின. பூக்கும் மாதத்தில் கல்யாணம் வைப்பவர்களோடு பேச்சையே நிறுத்திக்கொள்பவர் அப்பா. தடையை மீறினால் முன்னோர் விடமாட்டார்கள் என்று பயமுறுத்தி வளர்த்தவரும் அவரேதான்.

"சுவா! அப்பா எப்படியிருக்கார்?" பக்கத்துத் தோட்டத்து வோலா கத்தினாள்.

"தூங்குறார்க்கா."

"குறட்டையக் காணோமே? நேத்து அதுக்குப் பயந்து எங்க கோழியெல்லாம் கூரையேறிடுச்சு!"

"ஒருக்களிச்சுப் படுத்திருக்கார்."

வோலா சாத்தியிருந்த கதவை எட்டிப் பார்த்தாள். "தூங்கட்டும்" என்றாள். குரல் இறங்கியிருந்தது; அவள் கை மட்டும் பூக்களில் வேகம் பிடித்தது.

அப்போது கஞ்சிச் சட்டியோடு சித்தப்பா ஜாவுதோம்பு வீட்டு வாசலுக்கு வந்தார். ஊர்த் தடைகளுக்கெல்லாம் காவல் அவர்தான். கல்லறைப் பக்கம் தும்மியவனிடம் சேவல் அபராதம் வாங்கியவர்.

"சித்தப்பா, இப்பத்தான் கண்ணசந்தார்..."

"எங்கண்ணனுக்குக் கஞ்சி ஊத்த உன்னைக் கேக்கணுமா?"

கதவை ஒரு சாண் திறந்தார். முள் தன் உள்ளங்கையில் இறங்குவது சுவாவெலுவுக்கு உறைக்கவில்லை. சித்தப்பா அப்படியே நின்றார். இடுக்கு வழியாக ஓர் ஈ உள்ளே போயிற்று, அவர் விரட்டவில்லை. திரும்பி, சரிவில் விரிந்துகிடந்த தன் கொடிகளைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

"எழுப்பாதே. எனக்கும் கீழே வேலை கிடக்கு."

கஞ்சியோடே போய்விட்டார்.

உச்சி வெயிலில் கடைசிப் பூவை முடித்து அவள் முற்றத்துக்கு ஏறினாள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசற்படியில் சித்தப்பா, மடியில் சங்கோடு.

"எழுந்தாரா உங்கப்பா?"

"இல்ல சித்தப்பா."

அவர் சங்கை வாயில் வைத்தார். முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது.